பிரேக் இல்லாமல் நீ இறங்கிய மலை

இன்று காலை கராஜில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். நேற்றுதான் இந்தப் பருவத்தின் முதல் மழை. பின்சக்கரத்தில் அப்பியிருந்த களிமண்ணைக் குச்சியால் நெம்பி எடுத்தபோது அந்த வாசனை வந்தது. ஈரமண், நசுங்கிய புல், கொஞ்சம் மாட்டுச்சாணம், செயின் எண்ணெய். குழாயை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் புகைப்படங்களைப் பார்த்தபோதெல்லாம் வராத அழுகை, இந்தச் சேற்றைப் பார்த்து வந்தது.

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகரத்தில், நாம் ஒரே கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் திருச்சி, நீ யாழ்ப்பாணம். அந்தத் தளத்தில் தமிழ் பேசுகிற பெண்கள் நாம் இரண்டே பேர். நீ என்னை 'நீர்' என்றாய். முதலில் அது எனக்குத் தள்ளி நிற்பதுபோல் இருந்தது. உங்கள் ஊரில் சிநேகிதிகளுக்குள் அப்படிப் பேசிக்கொள்வது வழக்கம் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. நான் உன்னை முதல் நாளிலிருந்தே 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். நீ அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

தடித்த டயர் வைத்த மௌண்டன் பைக் அப்போது புதுசு. நீ முதலில் ஒன்று வாங்கினாய். பிறகு என்னையும் வாங்கவைத்தாய். "பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் மணல் ஒழுங்கையில சைக்கிள் ஓடினவள் நான். இந்த மலை என்ன பெரிய மலை?" என்பாய். சனிக்கிழமைதோறும் பிளசன்டன் மலைச்சரிவுகளில் சுற்றினோம். கம்பெனியில் ஆண்களுக்கு அது வேடிக்கை. என் கணவர் மட்டும் கேலி செய்யாமல் வெந்நீர்ப் பையை எடுத்து வைப்பார்.

ஒரு குளிர்காலத்தில் உன் வீட்டிலிருந்து கடிதம் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஊரில் நிலைமை மோசம் என்று செய்திகளில் இரண்டு வரி வரும், அவ்வளவுதான். நீ அதைப் பற்றிப் பேசமாட்டாய். ஒரு நாள் கேன்டீனில் ஒரு நோட்டீஸை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். லிவர்மோருக்குத் தெற்கே ஒரு மாட்டுப் பண்ணையில் சைக்கிள் பந்தயம். "ரெண்டு பேருக்கும் பேர் குடுத்திட்டன். சும்மா இருந்து தபால்பெட்டியைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது" என்றாய். நான் மறுக்கவில்லை.

பந்தயத்துக்கு முன்னால் மூன்று நாள் விடாத மழை. அன்று காலையும் காற்று காரைத் தள்ளியது. போய் இறங்கினால் பெண்கள் மொத்தம் நான்கு பேர்தான். மழைக்கோட்டு போட்ட அமைப்பாளர் நம்மைப் பார்த்து, "பெண்கள் போட்டியை இன்றைக்கு விட்டுவிடலாம், ஆபத்து" என்றார். "ஆண்கள் போட்டி நடக்குதா?" என்று நீ கேட்டாய். நடக்கிறது என்றார். "அப்ப அவைக்கு மழை பெய்யேல்லையா?" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் நிதானமான ஆங்கிலத்தில், நாங்கள் ஓட்டத்தான் வந்திருக்கிறோம் என்றாய். அவர் தலையைச் சொறிந்தார். சரி, மூன்று சுற்றுக்குப் பதிலாக இரண்டு என்றார்.

அந்தச் சேற்றை நான் எப்படிச் சொல்வேன்? நூறடி போவதற்குள் சக்கரம், அதைத் தாங்கும் ஃபோர்க்கில் சேறு அடைத்து நின்றுவிடும். இறங்கிக் கையால் வழிக்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். நீதான் வழி கண்டுபிடித்தாய். எல்லோரும் பாதையில் உழன்றபோது, ஓரத்துப் புல்லில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினாய். நானும் உன் பின்னால் ஏறினேன். முதல் சுற்று முடிவதற்குள் ஒரு பெண் செயின் அறுந்து நின்றுவிட்டாள். உயரமான இன்னொருத்தி வெகுதூரம் பின்னால் இருந்தாள். நீ முதல், நான் இரண்டாவது.

இரண்டாவது சுற்றில் மலையுச்சிக்கு வந்தபோது நீ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது.

"பிரேக் ரெண்டும் போச்சுது" என்று கத்தினாய். மண்ணும் மணலும் அரைத்து அரைத்துப் பிரேக் கட்டை முழுக்கத் தேய்ந்து, வெறும் இரும்பு ரிம்மைக் கீறிக்கொண்டிருந்தது. முன்னால் செங்குத்தான இறக்கம். அதன் அடியில் பெருகி ஓடும் ஓடை. என் பிரேக்கில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது.

"நான் நிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? போம்! நான் நடந்து வாறன். எனக்காக நிண்டால் பிறகு உம்மோட கதைக்கமாட்டன்!"

போனேன். பாதி வழுக்கி, பாதி விழுந்து, ஓடையில் முழங்கால் வரை இறங்கி மறுகரை ஏறி, கொடியைத் தாண்டினேன். முதல் இடம். அங்கே கைதட்ட ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கம்பளி கொடுத்தார். நான் போர்த்திக்கொள்ளாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிவில் நீ தெரிந்தாய். நடக்கவில்லை. சைக்கிளைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு, குதிகாலைச் சேற்றில் ஊன்றி ஊன்றி ஓடி வந்தாய். அந்த உயரமான பெண் இரண்டு கால்களையும் தரையில் இழுத்தபடி உனக்குப் பின்னால் இறங்கினாள். ஓடைக்கரையில் உனக்கும் அவளுக்கும் பத்தடிதான். நீ சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி ஓடையைக் கடந்தாய். என் தொண்டை கிழியக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. இரண்டாவதாக வந்து, சைக்கிளைப் போட்டுவிட்டு, சேற்றில் மல்லாந்து படுத்துச் சிரித்தாய். ஏழு வாரமாக நான் கேட்காத சிரிப்பு.

காரில் ஹீட்டரைப் போட்டு இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஸாரி" என்றேன்.

"எதுக்கு? வெண்டதுக்கோ?"

"நிக்கட்டுமான்னு கேட்டேனே, அது சும்மா கேட்டது. போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்."

நீ கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "தெரியும். நீர் கேக்கேக்குள்ளயே உம்மட கால் பெடலில இருந்தது. நான் பாத்தனான்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "உம்மட இடத்தில நான் இருந்திருந்தா, கேட்டே இருக்க மாட்டன்."

அதற்குப் பிறகு லிவர்மோர் வரும்வரை சிரித்தோம். அடுத்த வாரம் உன் அம்மாவின் கடிதம் வந்தது. எல்லோரும் சுகம். நீ அதை என் மேசைக்கே கொண்டுவந்து, நின்றபடி இரண்டு முறை வாசித்துக் காட்டினாய்.

எனக்கு ஏதாவது வேண்டும் என்றால், முதலில் மற்றவர்களுக்கு வேண்டாமா என்று பார்த்துவிட்டுக் கேட்கும்படி வளர்க்கப்பட்டவள் நான். ஜெயிக்க ஆசை என்று வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அன்று என் ஆசையை நீ பார்த்தாய். பார்த்தும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. மறுவருடம் புது ப்ராஜெக்டுக்கு யார் லீட் பண்ணுவது என்று மேனேஜர் கேட்டபோது, அறையில் முதலில் உயர்ந்தது என் கை. மேசைக்கு அந்தப் பக்கம் நீ குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாய்.

நோய் வந்த பிறகும் நீ மாறவில்லை. போன வருடம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சனிக்கிழமை ரைடை நிறுத்திவிட்டேன் என்றேன். "ஏன், உமக்கும் வருத்தமோ?" என்று கேட்டாய். உங்கள் ஊர்ப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அந்தச் சனிக்கிழமையே மறுபடி போனேன். வந்து உன்னிடம் எல்லாம் சொன்னேன். எந்த மேட்டில் யாரை முந்தினேன் என்பதுதான் உனக்கு முக்கியமாக இருந்தது.

போன மாதம் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒரு பந்தயம் நடந்தது. தொடங்கும் முன் வட்டமாக நிற்கவைத்து, எதற்காக வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். உடம்புக்கு நல்லது என்றார்கள், பொழுதுபோக்கு என்றார்கள், பேத்தி சொன்னாள் என்றார்கள். என் முறை வந்தது. ஜெயிக்க வந்தேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஐந்தாவதாக வந்தேன். எனக்கு முன்னால் போன நால்வரின் நம்பரையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.