மாத்திரை சொன்னதும் நான் சொன்னதும்

அமலாபுரம்
ஞாயிறு காலை, சாப்பிட்ட பிறகு

சிரஞ்சீவி சூரிபாபுவுக்கு உன் அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்த மெல்போர்ன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க அய்னவில்லி பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே அப்பா, உன் தங்கை ஹைமா, நான் மூவரும் நலம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை கொஞ்சம் உரக்கப் பேசினால் நீ உடனே, சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறாய். கடிதத்தில் நடுவே புகுந்து கேட்க முடியாது பார்.

உகாதிக்குப் பிறகு டாக்டர் சுஜனா என் சர்க்கரை மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார் இல்லையா, அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்குக் கோபப்படும் உரிமையே போய்விட்டது. ஈரத்துண்டைக் கட்டில் மேல் போடாதீர்கள் என்று அப்பாவிடம் முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்கிறேன். இப்போது சொன்னால் அவர் துண்டை எடுப்பதில்லை, சர்க்கரை டப்பாவை எடுத்து வருகிறார். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் மாத்திரையோடு வந்த காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தவள் நான் ஒருத்திதான். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கும், வியர்க்கும், கை நடுங்கும், எரிச்சல் வரும், மனம் குழம்பும் என்று போட்டிருக்கிறது. ஈரத்துண்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஹைமாவின் நிச்சயதார்த்த விருந்தைப் பற்றி அப்பா உனக்குப் போனில் சொன்னது முக்கால்வாசி அவர் கதை. நடந்ததைக் கேள். மாப்பிள்ளை வீட்டு ராஜோலுக்காரர்கள் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டுக்கு வந்தார்கள். நான் ஏழரைக்கே மாத்திரை போட்டாயிற்று. வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்து கை கழுவும் முன்னால் வீட்டுக்காரி ஒரு வாய் போட்டுக்கொள்வது நம் பக்கத்தில் எங்கேயாவது உண்டா? ஹைமா இரண்டு தடவை பெசரட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள், நான்தான் போடி என்று விரட்டினேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பந்தி ஒன்றரைக்குப் போட்டோம். பிஞ்சுப் பலாக்கறி, கோங்கூரா, புலிஹோரா எல்லாம் போய்ப் போளி வந்தபோது நெய்க்கரண்டி என் கையில் ஆடுகிறது, ரவிக்கை நனைந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா பாப்பாராவ் மூன்றாவது போளியைப் பிட்டுக்கொண்டே, எங்க வீட்டுக்கு மருமகளா வரப்போற கோடலுக்கு எதுக்கும்மா இந்த எறா குளத்துத் தண்ணிய மோந்து பாக்குற உத்தியோகம், மாசக் கடைசியில எழுதிக் கொடுத்துட்டு வரட்டும் என்றார். எட்டு வருஷமாகக் குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் அந்த லேபில் இருக்கிறாள் உன் தங்கை. அவள் சொன்னால்தான் சுற்றுவட்டாரத்துக் குளத்துக்காரர்கள் மருந்தே போடுகிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது நான் செய்ததை நம் கோனசீமைப் பக்கத்தில் எவளும் செய்திருக்க மாட்டாள். சம்பந்தி இலையில் இருந்த போளியை எடுத்துவிட்டேன். இன்னும் ஒன்று என்று மூன்று தரம் கெஞ்ச வேண்டிய கை, இருந்ததையே எடுத்தது. சாப்ட்டது போதும், எந்திரிய்யா, எம் பொண்ணு வேலைய விடமாட்டா என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹைமா சர்க்கரை பார்க்கும் மிஷினைக் கொண்டுவந்து விரலில் குத்தினாள், நாற்பத்தெட்டு. சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். உன் அப்பா கைகூப்பி, அவ பேசலீங்க, மாத்திரை பேசிச்சு என்றாரே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், ஏதோ கேஸ் ஜெயித்தவர் மாதிரி. சம்பந்தியும் பெரிய மனது செய்து, நோயாளி பேசினத மனசுல வெப்பனா என்று சிரித்தார். சிராவண மாசத்தில் முகூர்த்தம், இந்த மாசக் கடைசியில் ராஜினாமா என்று முடிவாயிற்று. போளியை எடுத்த குற்றத்தோடு நான் சொன்ன நியாயமும் அந்தச் சர்க்கரைத் தண்ணீரில் கரைந்துபோயிற்று.

எல்லாரும் போன பிறகு ஹைமா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், அம்மா, அந்த வேலை விஷயம் சொன்னது நீயா மாத்திரையா என்று கேட்டாள். நானேதாண்டி என்றேன். அப்படின்னா இன்னொரு தடவ சொல்லும்மா, என்னால முடியல என்றாள். அதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு.

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கப் போகிறோம் என்று அப்பாவைக் கிளப்பினேன், சந்தோஷமாக வந்தார் பாவம். டிபன் கேரியர் நிறையப் போளி. ராஜோலில் மாத்திரையைச் சோற்றைப் பார்த்த பிறகுதான் போட்டேன், இப்போது டாக்டர் உத்தரவு அது. சம்பந்தியம்மா கெஞ்சக் கெஞ்ச வயிறாரச் சாப்பிட்டேன். கை கழுவி வந்து பையிலிருந்து மிஷினை எடுத்து, எல்லார் எதிரிலும் விரலைக் குத்திக்கொண்டு, அண்ணா, நீங்களே வாசிங்க என்று பாப்பாராவிடம் நீட்டினேன். அவருக்கும் இதே நோய், இதே மிஷின். நூத்தி அறுபத்திரெண்டு, எறங்கல என்றார். அன்றைக்கு உங்கள் இலையில் கை வைத்தது மாத்திரை, அதற்கு மன்னிப்பும் இந்தப் போளியும், வேலையை விடமாட்டாள் என்றது நான், அதற்கு மன்னிப்பு இல்லை என்றேன். உன் அப்பா தன் சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலத்தைத் தேடுகிறார். பாப்பாராவ் எழுந்து, பொண்ணக் குடுக்க வந்தவங்க பேசுற பேச்சா இது, முகூர்த்தமும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்று கத்தினார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று நான் பயந்ததை இப்போது உனக்கு மட்டும் சொல்கிறேன். அதுவரை பரிமாறுவதோடு நின்றிருந்த சம்பந்தியம்மா, வதினகாரு என்று என்னைக் கூப்பிட்டு, அந்த ஊசிய இப்பிடிக் குடுங்க என்று வாங்கி அவர் விரலைப் பிடித்துக் குத்திவிட்டார். பார்த்துவிட்டு, நூத்தி எழுபது, மாத்திரை இல்ல, இவரேதான் என்றார். மாப்பிள்ளைப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடி, கடைசியில் அப்பாவைப் பார்த்து, நாயனா, வேலைய விடச் சொல்லி நான் கேக்கவே இல்லியே என்றான். இதை விருந்தன்றே சொல்லியிருக்கலாம் இல்லையா? போகட்டும், நல்ல பையன்தான், வாய் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது.

பாப்பாராவ் யோசித்துச் சொல்கிறேன் என்று எங்களை அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நாலு நாள் ஹைமா சரியாகச் சாப்பிடவில்லை. நானும் இறங்கிப்போய்ப் போன் செய்யவில்லை. வியாழக்கிழமை காலை பாப்பாராவே கூப்பிட்டார். எடுத்தவுடனே, வதினகாரு, டிபன் ஆச்சு, இப்ப எனக்கு நூத்தி இருபத்தெட்டு, கேட்டுக்குங்க, பொண்ணு வேலைக்குப் போகட்டும் என்றார். ஹைமாவிடம் சொன்னேன். நேரே போய் இரண்டு பெசரட்டு ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு லேபுக்குக் கிளம்பிவிட்டாள்.

மருமகளிடம் சொல், குளிர் என்று காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. நம் குடும்பத்து ரத்தம் உன் உடம்பிலும் ஓடுகிறது, வருஷத்துக்கு ஒரு தரம் பரிசோதித்துக்கொள். இரண்டு பேரும் நூறு வயசு ஒற்றுமையாக இருக்க என் ஆசீர்வாதம். முகூர்த்தம் சிராவணத்தில் இரண்டாவது வெள்ளி. லீவு கிடைக்குமா பார்க்கிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாய். போன மாதம் அதற்காக நான் கோபித்துக்கொண்டபோதும், சாப்பிட்டியாம்மா என்றுதான் கேட்டாய். வயிறு நிறையச் சாப்பிட்டு, இப்போதுதான் குத்திப் பார்த்தேன், நூற்று முப்பத்தொன்று. டிக்கெட் போட்டுவிட்டுப் பதில் எழுது. இது மாத்திரை இல்லை.

உன் அம்மா
பிரமராம்பா