மயன் வைத்த நாலாவது இணைப்பு

மார்ச் 4, செவ்வாய்

பதிகம் ஓதி முடிக்குமுன்பே சமையலறையில் சுத்தியல் ஓசை எழுந்துவிட்டது. பணி ஓய்வு பெற்ற மனிதருக்கு இறைவன் இரண்டு வழிகளை வைத்திருக்கிறான்: ஒன்று தவம், மற்றொன்று தச்சு. என் கணவர் இரண்டாவதைத் தேர்ந்தார். வங்கியில் பிறர் கையெழுத்துகளைச் சரிபார்த்தே காலம் கழித்தவர், ஆறு மாதமாகக் கைப்பேசியில் காணொளி பார்த்து வீட்டைச் சரிபார்க்கிறார். நன்றாக மூடிக்கொண்டிருந்த கொல்லைக் கதவுதான் முதற்பலி.

இன்று காப்பீட்டுக்காகச் சேதம் மதிப்பிட நான் போன வீட்டில் மாடிக் கூரை விழுந்திருந்தது. காற்றில் போயிற்று என்றாள் அந்த வீட்டம்மா. அவள் கணவரோ என் முகத்தைப் பார்க்காமல், கூரையே இல்லாத கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணிகளெல்லாம் புத்தம் புதியவை. ஒன்றுகூடச் சட்டத்தில் ஏறவில்லை. யார் அடித்தது என்று கேட்டேன். ஊழ்வினையைத் தவிர வேறெதுவும் தானாக வருவதில்லை என்பது நான் இடிந்த வீடுகளில் கற்ற பாடம்.

"உரிமையாளர் தாமே பழுதுபார்க்க முற்பட்டதால் விளைந்த சேதம்" என்று எழுதினேன். அந்த வரி விழுந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பாராது. வெண்பாவின் ஈற்றடி பிசகாமல் வந்து அமர்ந்தாற்போல் ஒரு நிறைவு எனக்கு.

மார்ச் 6, வியாழன்

கொல்லைக் கதவு மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. துவைதத்துக்கும் அத்வைதத்துக்கும் நடுவே நிற்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் ஒரு குழாய் சொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிடலாம் என்றேன். "ஒரு சொட்டுக்கு ஒரு ஆளா?" என்றார் இவர். சொட்டியது ஓரிடம், இவர் அறுத்தது நான்கிடம். பழைய இணைப்புகளை நம்பக் கூடாதாம்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து நாத்தனார் ஏறி வந்தாள். அண்ணன் குப்புறப் படுத்துத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்திருந்த கோலத்தைக் கண்டு அவளுக்குப் பூரிப்பு.

"அண்ணா ஒரு தடவ கை வச்சா, அப்புறம் அதுல வேற யாராலயும் கை வைக்க முடியாது அண்ணி."

புகழ்ச்சியாகத்தான் சொன்னாள்.

பசை டப்பாவில், ஓர் இரவு முழுதும் காயவேண்டும், அதுவரை தண்ணீர் திறக்கலாகாது என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. தங்கைக்குக் காட்டவேண்டும் என்ற ஆவலில் இவர் சாப்பாட்டுக்கு முன்பே திறந்துவிட்டார். ஒரு துளி சிந்தவில்லை. இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் கடல் கடைந்து அமுது எடுத்தவர்களின் பெருமிதம்.

பார்வையிடும் இடத்தில் யோசனை சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அதை வீட்டிலும் கடைப்பிடித்தேன். விதியின்மேல் உள்ள பக்தியால் அல்ல, சொன்னால் கேட்கமாட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

துக்கம் விசாரிக்க மூவரும் போயிருந்தோம். திரும்பி வந்தால் மாடிப்படியில் தண்ணீர் ஓசையோடு இறங்கிக்கொண்டிருந்தது.

அசுரத் தச்சன் மயன், ஒரு மண்டபத்தில் தரையை நீர்போலத் தோன்றச் செய்தானாம். எங்கள் வீட்டு மயன் அவனையும் விஞ்சிவிட்டார். தோற்றமாவது மாயையாவது, தரை நீராகவே இருந்தது. கூடத்துப் பலகைத் தளம் உப்பி, ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு திசையில் தலைதூக்கிவிட்டது. கீழே நாத்தனாரின் படுக்கையறையில் மேற்பூச்சு அப்படியே பெயர்ந்து கட்டில்மேல் கிடக்கிறது. அவள் எப்போதும் தலைவைக்கும் பக்கம்.

நாங்கள் வீட்டில் இல்லாதது எவன் செய்த புண்ணியமோ.

மார்ச் 12, புதன்

நாத்தனார் மூட்டைமுடிச்சோடு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டாள். பலகைகள் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அவள் பாயும் மேடும் பள்ளமுமாக இருக்கிறது.

இரண்டு தளங்களுக்கும் சேர்த்துத்தான் காப்பீடு. என் வீட்டை நானே மதிப்பிட முடியாதாகையால் அலுவலகத்திலிருந்து ஈரமானி வருகிறார். ஈரத்தை அளக்கும் கருவியை எந்தச் சுவரைக் கண்டாலும் குத்திப் பார்ப்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஒருமுறை கேண்டீனில் போட்ட ரொட்டியிலும் குத்திப் பார்த்தார்.

மாலையில் நாத்தனார் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். குழாய் தானாக வெடித்தது என்று சொல்லிவிடலாமாம். பொய் சொல்ல எனக்கு நாக்கு வராது என்றேன்.

"யாரு பொய் சொல்லச் சொன்னா? நீங்க சும்மா இருந்தா போதும் அண்ணி. நாங்க பாத்துக்கறோம்."

சும்மா இருத்தல் ஞானத்தின் உச்சி என்பார்கள் பெரியோர். அதற்குக் காப்பீட்டிலும் பயன் உண்டென்று இன்றுதான் அறிந்தேன்.

மார்ச் 15, சனி

நான் ஓத உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறாள். கண்ணை மூடினால், மூடியது ஏன் என்று கேட்கிறாள். காப்பீடு கிடைக்காவிட்டால் கீழ்த்தளத்து மேற்பூச்சைச் சுரண்டிப் பூச எங்கள் கையிருப்பு இப்போதைக்குக் காணாது. அதுவரை இவள் இங்கேதான். பூர்வஜென்ம பாக்கி என்று எழுத நினைத்தேன். ஆனால் காலையில் துணி எடுக்கக் கீழே போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்து, "உள்ள நுழையவே பயமா இருக்கு அண்ணி" என்று மெல்லச் சொன்னாள். எனக்குக் கேலி வரவில்லை.

ஈரமானி என்னை நேரே பார்த்துக் கேட்டால்? கேட்பார். நான் அந்தக் கேள்வியைக் கேட்காத வீடே கிடையாதே. என்ன சொல்லப் போறேன்? கேட்டா சொல்லித்தானே ஆகணும் — நாப்பது வருஷமா வாய்மை வாய்மைன்னு ஓதினது இதுக்குத்தானா? இல்ல, அந்தம்மா மாதிரி காத்துன்னு சொல்லிட்டு நிக்கப் போறேனா?

மார்ச் 18, செவ்வாய்

ஈரமானி வந்தார். இவரை வாயே திறக்கக் கூடாதென்று தங்கை சத்தியம் வாங்கியிருந்தாள். மனிதர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, துவாரபாலகர் போல் சமையலறை வாசலில் நின்றார்.

ஈரமானி நல்லவர். குழாய் எப்படி வெடித்தது என்று நாத்தனாரைத்தான் கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. தானாக என்றாள் அவள். தானாக என்று எழுதிக்கொண்டார். சுவர்களைக் குத்தினார், தளத்தைக் குத்தினார், படம் எடுத்தார். எல்லாம் முடிந்தது. பையை மூடும்முன் ஒரு மரியாதைக்காகத் தொட்டியின் அடியில் டார்ச் அடித்துக் குனிந்தார்.

"வெடிச்சது ஒண்ணுதான் மேடம். மத்த மூணு ஜாயின்ட்டும் என்ன கச்சிதம்! நல்ல கை. யாரு உங்க பிளம்பர்? நம்பர் குடுங்க, எங்க வீட்லயும் வேலை கிடக்கு."

"நான்தான்" என்றார் இவர்.

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மூணும் நான்தான்." சற்று நிறுத்தினார். "அந்த நாலாவதும்."

ஈரமானி குனிந்தபடியே என்னைப் பார்த்தார். பின் நிமிர்ந்து, காதைத் தடவிக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தில் சார் சொன்னது தமக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார். சமையலறையில் ஒரு வாரமாகத் தண்ணீரே திறக்கவில்லை.

இவர் ஓரடி முன்னால் வந்து, இன்னும் உரக்கச் சொன்னார்.

மார்ச் 27, வியாழன்

நிறுவனத்தின் பதில் வந்தது. "உரிமையாளர் தாமே பழுதுபார்க்க முற்பட்டதால் விளைந்த சேதம்." என் வாசகம், ஓரெழுத்து மாறவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம், அதைவிடத் திருத்தமாக எழுத எங்களுக்கு வராது என்று ஈரமானி வருத்தத்தோடு சொன்னார். நான் செய்த பாட்டை ஊரே பாடுகிறது. கவிக்கு இதைவிட வேறென்ன பேறு?

நாத்தனார் இவரோடு பேசுவதில்லை. என்னோடு இரண்டு பங்காகப் பேசுகிறாள்.

கருவிகளெல்லாம் கோணிக்குள் போய்விட்டன. வீட்டில் ஓசையே இல்லை. நிம்மதி என்று எழுதப் போனேன், பேனா ஓடவில்லை. இரவு உணவுக்கு உட்காராமல் உப்பிய பலகைமேல் உட்கார்ந்திருந்தார். ஏன் சொன்னீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன்.

"அத்தனை வருஷம் பேங்க்ல உக்காந்தேன். ஒருத்தன் வந்து நல்ல கைன்னு சொன்னதில்ல." பலகையைத் தடவினார். "சொல்றப்போ இன்னொருத்தன் பேரக் குடுக்கச் சொல்றியா?"

நானும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் ஆறுதலுக்கு என்று நினைப்பார். தட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கடன் சொல்லிக் கொத்தனாரை வைத்தாயிற்று. நாத்தனார் இன்னும் கூடத்தில்தான்.

இன்று பார்த்த வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் பிய்ந்து, இரண்டு அறைகள் மூழ்கியிருந்தன. ஒரு கைக்குழந்தையை மேசைமேல் படுக்கவைத்திருந்தார்கள். எலி கடித்திருக்கும் மேடம் என்றாள் அந்தப் பெண். எலி இத்தனை நேராக, அதுவும் குழாய் அறுக்கும் ஆக்சா பிளேடால் கடிக்காது.

அவளுக்குப் பின்னால் கணவன். வயது முப்பது இருக்கும். இரண்டு விரல்களில் பிளாஸ்திரி. நான் குனிந்து இணைப்பைப் பார்த்தேன். மோசமில்லை, உண்மையில் மோசமில்லை. நான் பார்ப்பதை அவன் பார்த்தான். அந்த முகம் எனக்குத் தெரியும்.

"மேடம், அந்த ஜாயின்ட் இருக்கே..." என்று தொடங்கினான்.

"தம்பி, தாகமா இருக்கு. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றீங்களா?"

தயங்கினான். போனான். அந்த வீட்டில் தண்ணீர் நிறுத்தப்பட்டிருந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது; அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறான். படம் எடுத்தேன், அளந்தேன், எழுதினேன், கையொப்பமிட்டேன். யார் செய்தது என்று கேட்கவில்லை. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் செம்பை நிரப்பி, தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தபோது என் பை மூடியிருந்தது. நின்றபடியே முழுவதையும் குடித்தேன்.