அரைப் பக்க லைசன்ஸ்

மச்சான்,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வாடிக்கையாளருக்கான ப்ரோக்ராமை முடித்து இணையத்தில் ஏற்றப் போனேன். மற்றவர்கள் இதை எப்படிப் பயன்படுத்தலாம், எந்த லைசன்ஸ் என்று கேட்டுத் திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. ஒன்றைத் தொட்டால் போதும், இப்போது அவ்வளவு சுலபம். எனக்குக் கை வரவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லியும் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், கல்முனைக்குடியில் நாம் நடத்திய ஒற்றை அறைக் கம்பியூட்டர் கடைக்கு, வாய்க்காலின் தலைப்பக்க வயல்காரர்களின் மேல் வட்டைக் கமிட்டி வந்ததே, அந்த நாள்தான் நினைவில் ஓடுகிறது. எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம் வாய்க்கால் தண்ணீர் விடுவது என்று முறை போட்டுத் தரும் ப்ரோக்ராம் ஒன்று கேட்டார்கள். அதுவரை தண்ணீர் முறை பார்க்கும் வட்டை விதானை வரம்பில் நின்று முறையை வாசிப்பார். சந்தேகம் உள்ளவர் அங்கேயே கேட்பார், அவர் அங்கேயே விளக்கம் சொல்லியாக வேண்டும். உன் வாப்பாவின் வயல் அதே வாய்க்காலின் கடைசியில், கீழ் வட்டையில் இருந்தது. அதனால் அந்த வேலையில் உனக்கு என்னைவிடக் கரிசனை.

எழுதி முடித்ததும் லைசன்ஸ் பிரச்சினை வந்தது. கொழும்பில் நீ வாங்கி வந்த லினக்ஸ் சிடியில் இரண்டு மாதிரிகள் கிடந்தன. நீ அகராதியும் கையுமாக மூன்று நாள் மல்லுக்கட்டிய நீளமான லைசன்ஸ் ஒன்று. ப்ரோக்ராமை மாற்றி யாருக்குக் கொடுத்தாலும், கேட்டால், உள்ளே எப்படிக் கணக்குப் போடுகிறது என்று காட்டும் மாற்றிய மூலநிரலையும் கொடுத்தே ஆக வேண்டும் என்றது அது. மற்றது அரைப் பக்கம்தான். என்னவும் செய்துகொள், எழுதியவர்கள் பெயரை மட்டும் அழிக்காதே என்றது.

"தண்ணி பங்கு வெக்கிறது மறைவுல நடக்கக் கூடா மச்சான்" என்று நீளமானதைக் காட்டினாய்.

"நாம என்ன குளத்தையா கட்டிக் குடுக்கிறம்?" என்று நான் நக்கலடித்தேன்.

அந்தக் கிழமையே உன் சிறுநீரகம் இரண்டும் பழுதென்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். கமிட்டியை நான் தனியாகச் சந்தித்தேன். நீ சொன்ன லைசன்ஸை விளக்கியதும் செயலாளரின் முகம் மாறியது.

"நாளைக்கு நாங்க ஆரையும் வெச்சு மாத்தினா, அதக் கீழ் வட்டைக்கும் காட்டணுமா? அது சரிவராது தம்பி."

நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை கைநழுவிப் போய்விடும் என்று பயந்துவிட்டேன். அரைப் பக்கத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் உன் கட்டிலருகே வந்தபோது முதலில் அதைத்தான் கேட்டாய். "எதப் போட்டாய்?"

"நீ சொன்னதத்தான்."

நீ சிரித்தாய். பத்து நாளில் மௌத்தாகிவிட்டாய்; உன்னை அடக்கினோம்.

அடுத்த சிறுபோக வேளாண்மைக்கு, மேல் வட்டைக் கமிட்டி வேறொரு கடையில் ப்ரோக்ராமை மாற்றி, இரண்டு வட்டைக்கும் இனி இதுதான் முறை என்று கீழ் வட்டைக்கும் ஒரு பிரதி கொடுத்தது. மூலநிரல் இல்லாத பிரதி. கீழ் வட்டையில் எல்லோருக்கும் நேரம் குறைந்திருந்தது. ஏனென்று கேட்டவர்களுக்குக் கம்பியூட்டர் சொல்லுது என்று பதில் வந்தது. நம்மிடமிருந்த பழைய மூலநிரலை ஓட்டிப் பார்த்தேன். வேறு பட்டியல் வந்தது. எங்கே கை வைத்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மாற்றிய கடைக்காரரிடம் போய் மூலநிரலைக் கேட்டுக் கெஞ்சினேன்.

"உங்கட லைசன்ஸ நீங்களே வாசிச்சுப் பாருங்க" என்றார். அவர் சொன்னது சரி. கொடுத்த அனுமதியை நான் திருப்பி வாங்கவும் முடியாது.

பிறகு உன் வாப்பா வந்தார். ஆறு மணித்தியாலம் இருந்த உங்கள் முறை நாலாகியிருந்தது.

"எல்லாரும் கமிட்டியோட சண்டைக்குப் போறாங்க மனே. நான் போகல்ல. கம்பியூட்டரப் போட்டதும் முதல்ல என்ட மகன்ட பேர்தான் வருது, பார்த்தன். அவன் செஞ்சது பிழையாப் பங்கு வெக்காது. அப்பிடித்தானே?"

எழுதியவர்கள் பெயரை அழிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையை அவர்கள் ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தார்கள். உண்மையைச் சொல்வதென்றால் உன் கட்டிலருகே சொன்ன பொய்யிலிருந்து தொடங்க வேண்டும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், அப்பிடித்தான்" என்றேன்.

உனக்குச் சொன்னதை உன் நோய்க்காகச் சொன்னேன் என்று ஒரு சாட்டாவது வைத்திருக்கிறேன். அவருக்குச் சொன்னதற்கு அதுவும் இல்லை. அந்தப் போகத்தில் உங்கள் வயல் கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்திலேயே காய்ந்தது. வாப்பா கடைசிவரை யாரையும் குறை சொல்லவில்லை.