மன்னித்தவரின் மனைவி

அன்பு மகளே,

நீ தொலைபேசியில் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன். ஆமாம், அந்த லாரிக்காரன் இன்னும் வருகிறான். உன் தம்பியின் சைக்கிளில் மோதி அவன் உயிரைப் பறித்தவனை மன்னித்துவிட்டதாகப் பிரசங்க மேடையில் சொல்ல உன் அப்பாவுக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. சபையே அழுதது. அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனைக் கையோடு வீட்டுக்கு அழைத்துவந்துவிடுகிறார். தேநீர் போடுகிறவள் நான்.

அவன் அதிகம் வாய் திறப்பதில்லை. சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்து கொடுத்தான். அதற்காக உன் அப்பா ஆறு மாதமாக ஜெபம்தான் செய்துகொண்டிருந்தார்.

போன வாரம் தொப்பலாக நனைந்து வந்து வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாங்க" என்றேன்.

"வேணாம்மா, தரையெல்லாம் ஈரமாயிடும்."

எனக்கு என்ன தோன்றியதோ, பீரோவைத் திறந்து, நீ தம்பிக்கு வாங்கித் தந்த நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் உன் அப்பா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவன் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

சட்டை அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா