யார் கண்ணில் கற்றுக்கொள்வாள்?

இன்று மாலை தி.நகரில் மகளுக்குத் தோடு வாங்கப் போயிருந்தேன். பழைய வளையலைக் கல்லில் உரசிய கடைக்காரர் அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பனகல் பூங்கா ஓரம் நின்றபோதுதான், நீ கல்லூரியை விட்டுப் போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மயிலாப்பூரில் அந்த மகளிர் கல்லூரியின் வேதியியல் துறையில் நாம் ஒரே ஆண்டில்தான் சேர்ந்தோம். சில வாரம் முந்திக்கொண்டதால் நீ துறைத்தலைவி ஆனாய். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சீண்டுவாய். புதிய விரிவுரையாளருக்கான நேர்முகத்தன்று மட்டும் உன் முகத்தில் சிரிப்பில்லை.

வந்தவர்களில் ஒருத்தி தாளாளரின் தம்பி மகள். தாளாளர் தெற்கத்திய ஜவுளிக்கடைக் குடும்பம். கல்லூரியைக் கட்டியதே அவருடைய அப்பாதான். அந்தப் பெண் முதல் வகுப்பில் தேறியவள். ஆங்கிலம் மடமடவென்று வந்தது. முதல்வர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "பேச்செல்லாம் சரி. லேபுக்கு வாம்மா," என்று நீ எழுந்தாய்.

அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்து காட்டச் சொன்னாய். அவள் அமிலம் இருந்த பீக்கருக்குள் தண்ணீரைச் சாய்க்கப் போனாள். நீ பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாய். அப்படி ஊற்றினால் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீரில்தான் அமிலத்தை விடவேண்டும். புகுமுக வகுப்புப் பிள்ளைகளுக்கே முதல் நாள் சொல்கிற பாடம்.

"தெரியும் மேடம், அவசரத்துல மறந்துட்டேன்," என்று அவள் சிரித்தாள். தாளாளரும் சிரித்தார்.

"அதெல்லாம் வந்து கத்துக்கிடுவாம்மா."

"யார் கண்ணுல கத்துப்பா, சார்?"

நீ அப்படிக் கேட்டதும் தாளாளர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வேலை அவளுக்கே கிடைத்தது. செய்முறை வகுப்பையாவது அவளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று முதல்வரிடம் மன்றாடினாய். "என் கையில என்னம்மா இருக்கு?" என்றார் அவர். அன்றிலிருந்து அவள் வகுப்பு நேரங்களில் ஆய்வுக்கூட மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தாய்.

"அவளுக்குக் காவலா?" என்று கேலி செய்தேன்.

"குழந்தேளுக்குடி. ஆத்துல இருந்தாலும் இதே நெனப்புதான். சாதம் எறங்க மாட்டேங்கறது."

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலை, அவள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தாளாளர் நம் இருவரையும் அழைத்தார். "அப்பறம் வரேன்னு சொல்லு," என்று அட்டெண்டரை அனுப்பிவிட்டாய். அவர் திரும்பி வந்தார். "ஒடனே வரணுமாம்மா. ரொம்ப சூடா கீறாரு."

தாழ்வாரத்தில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "மனசே சரியில்லடி," என்றாய்.

"எங்க புள்ளையை வேவு பாக்கியளோ?" என்று தாளாளர் ஆரம்பித்தார். நீ பதில் சொல்வதற்குள் அட்டெண்டர் ஓடிவந்தார். "அம்மா! லேப்ல இன்னாவோ பொகைஞ்சிக்கினு கீதும்மா!"

நாம் ஓடிப் போய்ப் பார்த்தபோது பீக்கர் சீறிக்கொண்டிருந்தது. அதை அடக்குவதாக எண்ணி அவள் இன்னும் தண்ணீர் ஊற்றப் போனாள். பக்கத்தில் ஒரு மாணவி நகரத் தெரியாமல் உறைந்து நின்றாள். அந்த மாணவியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். தெறித்ததெல்லாம் உன்மேல் விழுந்தது. குழாயடியில் உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டது ஒன்றுதான்.

"அவ கண்ணு?"

"ஒண்ணும் ஆகலடி."

உன் இடது கண் போய்விட்டது. நிர்வாகம் அதை விபத்து என்றது.

தாளாளரின் தம்பி மகள் வேலையை விட்டாள்; பிறகு ஒரு நாள் உன் வீட்டுக்கு வந்து அழுதாள். "தெரியாதுன்னு சொல்லப் பயமா இருந்துச்சு மேடம். பெரியப்பா அவ்ளோ பெருமையா பாத்துட்டு இருந்தாங்க."

கட்டுப் போட்ட முகத்தோடு நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அதை அன்னிக்கே சொல்லியிருந்தா, நானே உன்னைச் சேத்துண்டு சொல்லிக் கொடுத்திருப்பேனே," என்றாய்.

நீ கல்லூரிக்குத் திரும்பி வரவில்லை. காலியான உன் இடத்துக்கு ஆளெடுக்க என்னை உட்கார வைத்தார்கள். "இந்தப் பொண்ணு நம்ம சம்பந்தி வீடு," என்று தாளாளர் என் காதோரம் சொன்னார். எல்லாரையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். சம்பந்தி வீட்டுப் பெண் எதைக் கேட்டாலும் தெரியும், தெரியும் என்று குப்பியின் பெயரைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினாள். சைதாப்பேட்டையிலிருந்து வந்தவள் மட்டும் நான் கொடுத்த குப்பியைத் தொடாமல் நின்றாள். "இதை நான் செஞ்சதில்லைங்க. யாராவது பக்கத்துல நின்னு காட்டினா செய்யறேன்."

இவள்தான் வேண்டும் என்றேன். தாளாளர் முதல்வரைப் பார்த்தார். இந்த முறை முதல்வர் அவருக்குத் தலையாட்டவில்லை.

சைதாப்பேட்டைப் பெண்ணுக்கே வேலை கிடைத்தது; நன்றாகத்தான் நடத்துகிறாள். ஆனால் அடுத்த வாரம் நம் துறையில் இன்னொரு காலியிடத்துக்கு நேர்முகம். நேற்று தாளாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தவாட்டி லேபுக்கெல்லாம் யாரையும் கூட்டிட்டுப் போகாண்டாம். உங்க வேலையையும் பாத்துக்கிடுங்க," என்றார்.

பயமாகத்தான் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போவேன்.