வாசலைத் தாண்டாத ஸ்போர்ட்ஸ் கார்

ரெனிதா அப்பா,

மீன்குழம்பு அடுப்பு மேடையில் இருக்கிறது. கிரீஸ் கையோடு மூடியைத் தொட வேண்டாம்.

ஸ்டைலுக்காக அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நாலு அங்குலம் இறக்கினீர்களே, ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு நம் வாசல் பள்ளமாகிக் கிடப்பது கண்ணில் படவில்லையா? மூன்று வருஷம் நீங்கள் பழுது பார்த்து நேற்றுதான் உயிர் வந்த வண்டி, கேட்டருகே ஏற முடியாமல் வயிறு தட்டி நின்றுவிட்டது. "இன்னா ஜெயசீலி, உன் ஊட்டுக்காரரு காரு செஞ்சாரா, ஆமை செஞ்சாரா?" என்றாள் எதிர்வீட்டு வேம்புலியம்மாள். இன்று கோவில்பதாகை ஏரியா முழுக்க இதே பேச்சு. பாதியைப் பரப்பியது நான்தான், மறைக்கவில்லை.

ஆனால் சனிக்கிழமை கல்யாணத்துக்கு மகளை இதில்தான் சர்ச்சுக்குக் கூட்டிப்போவேன் என்று பீற்றிக்கொண்டது நீங்கள். வாடகைக் கார் சொல்லட்டுமா என்று ரெனிதாவைக் கேட்டேன். "அப்பா காருதாம்மா. இல்லாட்டி நடந்தே போறேன்" என்கிறாள். அவளும் உங்களைப் போலத்தான்.

அதனால் கௌரவம் பார்க்காமல் பழைய ஸ்பிரிங்கையே மாட்டி வண்டியை உயர்த்துங்கள். இன்று நாலு மணிக்குச் சம்பந்தியம்மா காரைப் பார்க்க வருகிறார். டீ மட்டும் கொடுங்கள், விளக்கம் கொடுக்காதீர்கள்.

ஜெயசீலி

பி.கு.: அதில் இரண்டே சீட்டு. நீங்களும் அவளும் போங்கள். நான் ஆட்டோவில் பின்னாலேயே வருகிறேன். நின்றுவிட்டால் தள்ள ஆள் வேண்டுமே.