தண்ணீருக்குள் இரண்டு கற்கள்

பேத்தி பக்கத்துக் கதிரையில் இருந்து தலை துவட்டுகிறாள். அறை முழுக்கக் கடலுப்பு மணக்கிறது. அந்த மணம்தான், தோழி, உன்னை நினைவில் கொண்டுவந்தது. நீ செத்தபோது அழுததைவிட, உனக்காகக் கோபப்பட்டதே அதிகம். இன்று அது இன்னும் கூடிவிட்டது.

காலையில், உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குப் பௌதிகவியலின் கிளைகளை விளக்க ஓர்ஸ் ஹில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வந்திருந்த விரிவுரையாளர் ஒளியியல், வெப்பவியல், அணுக்கருப் பௌதிகவியல் என்று ஒழுங்காகத்தான் தொடங்கினார். பேத்தி எழுந்தாள்.

"கடலுக்குள்ள சத்தம் எப்பிடிப் போகுதெண்டு படிக்க விருப்பம், சேர். அது எந்தக் கிளை?"

அவர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "அதெல்லாம் கப்பல் வேலை, அம்மா. பொம்பிளைப் பிள்ளைக்கு மருத்துவப் பௌதிகவியல் நல்லது. ஆஸ்பத்திரியில ஏசி அறைக்குள்ள இருக்கலாம்."

சபை சிரித்தது. நோயாளிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சை அளக்கும் மருத்துவப் பௌதிகவியலை ஏசி அறை வேலை என்றா சொல்வது?

பேத்தி கேட்டது, பள்ளி நாளில் நீ கேட்ட கேள்வி. கொன்வென்ற் சீருடையோடு துறைமுகப் படியில் குனிந்து நீ தலையை அமிழ்த்த, நான் தள்ளி நின்று தண்ணீருக்குள் இரண்டு கற்களைத் தட்டினேன். "காதுக்குள்ள வைச்சு அடிச்ச மாதிரிக் கேக்குதடி. திரும்ப அடி," என்றாய். அதற்குள் எங்கள் வகுப்பு சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். ஏன் அப்படிக் கேட்கிறது என்று அவரிடம் கேட்டாய். "அது பெடியளின்ர பாடம். முதல்ல தலையைத் துடை." எங்களுக்குப் பௌதிகவியல் வகுப்பே இருக்கவில்லை. கணக்கில் எல்லோரையும் முந்திய உன்னை மனையியலுக்கு அனுப்பினார்கள். மனையியல் ரீச்சராகி, ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்குப் பொத்தான் துளை தைக்கப் பழக்கினாய்.

கூட்டத்தில் நான் எழும்பினேன்.

"கேட்டது இவள். என்னை ஏன் பாக்கிறியள்?"

"பிள்ளையின்ர நன்மைக்குத்தான், அம்மா..."

"நன்மையை நாங்கள் பாப்பம். ஒலியியல் எண்டு ஒரு கிளை இருக்கோ, இல்லையோ?"

"ஓம், இருக்கு."

"கடலுக்கும் அதுதானே?"

"ஓம்."

"அதை அவளிட்டச் சொல்லுங்கோ."

சொன்னார். எந்தப் பல்கலைக்கழகம், முதலில் எவற்றைப் படிக்கவேண்டும் என்பதையும் அவளைப் பார்த்தே சொன்னார். தெரிந்துவைத்துக்கொண்டுதான் மறைத்திருக்கிறார்.

திரும்பும் வழியில் அவளைத் துறைமுகப் படிக்குக் கூட்டிப்போனேன். தலையை அமிழ்த்தினாள். நான் தண்ணீருக்குள் இரண்டு கற்களைத் தட்டினேன். மூச்சுவாங்க நிமிர்ந்தவள், "அம்மம்மா, திரும்ப அடியுங்கோ," என்றாள்.

இன்று எங்களைக் கூப்பிட ஒருவரும் இல்லை. கை நோகும்வரை அடித்தேன். கோபம் மட்டும் ஆறவில்லை. அது உன்னுடையது, நான் வைத்திருக்கிறேன்.